டிரான்ஸ்ஃபரும் டிரான்ஸ்லேட்டும் ஒரே வேரில் பிறந்தவையா?

கேள்வி: சொல்தேடி

வணக்கம். ஆங்கிலச் சொல்வளத்தைப் பெருக்கிக்கொள்ள விரும்பிச் சில மாதங்களாக இலத்தீன் வேர்ச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிப் படித்து வருகிறேன். இடப்பக்கத்தில் வேரும் பொருளும், வலப்பக்கத்தில் அந்த வேரில் பிறந்த ஆங்கிலச் சொற்களும் என்பது நான் வைத்துக்கொண்ட முறை. ‘ஃபெர்: சுமத்தல், கொண்டுசெல்லல்’ என்று எழுதி, டிரான்ஸ்ஃபர், ரெஃபர், ப்ரிஃபர், டிஃபர், ஆஃபர், சஃபர் என்று அடுக்கியவரை எல்லாம் தெளிவாகவே இருந்தது. பிறகு ஓர் அகராதியைப் புரட்டியபோது, டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் ஆகிய இரண்டும் ஒரே இலத்தீன் வினையிலிருந்து வந்தவை என்று கண்டேன். முன்னொட்டை எடுத்துவிட்டால் ஒன்றில் ‘ஃபெர்’ நிற்கிறது; மற்றொன்றில் ‘லேட்’ நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே ஒலியில் எந்த உறவும் எனக்குப் புலப்படவில்லை.

அதே அகராதி, கேப்டிவ், கான்செப்ட், ரிசீவ், ரெசிப்பி, பார்ட்டிசிபேட் ஆகிய ஐந்தும் ஒரே வேரைச் சேர்ந்தவை என்கிறது. சிறைப்பட்டவன், கருத்து, பெறுதல், சமையற்குறிப்பு, பங்கேற்றல் என்று பொருளும் சிதறிக் கிடக்கிறது, வடிவமும் சிதறிக் கிடக்கிறது.

என் ஐயங்கள் இரண்டு. ஒரு வேர் இப்படி உருமாறுவதற்கு ஏதேனும் ஒழுங்கு உண்டா, அல்லது ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டுமா? வேரைத் தெரிந்துகொண்டால் புதிய சொல்லின் பொருளை ஊகித்துவிடலாம் என்று சொல்கிறார்களே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? ‘பெட்’ என்றால் பாதம் என்று படித்திருந்த துணிவில், பெடகாக் என்ற சொல்லைப் பார்த்ததும் கால்நடையாகச் செல்பவர் என்று பொருள் எழுதினேன். அது ஆசிரியரைக் குறிக்கும் சொல் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுமொழி: மொழிநூல் மாணவர்

அகராதி சொன்னது சரி. உங்கள் குறிப்பேட்டில் குறை ஒன்றே ஒன்றுதான்: இலத்தீன் வினை ஒன்றுக்கு ஒரு வடிவத்தை மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இலத்தீன் அகராதிகள் ஒரு வினையை நான்கு வடிவங்களில் காட்டுவது வழக்கம். நீங்கள் கேட்ட வினை அங்கே ‘ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாத்தும்’ என்று இருக்கும். நான் சுமக்கிறேன், சுமத்தல், நான் சுமந்தேன், சுமக்கப்பட்டது என்பவை தோராயமான பொருள்கள். ஆங்கிலம் சில சொற்களை நிகழ்கால அடியான ‘ஃபெர்’ என்பதிலிருந்தும் வேறு சிலவற்றைச் செயப்பாட்டு எச்ச அடியான ‘லாத்’ என்பதிலிருந்தும் எடுத்துக்கொண்டது. எனவே டிரான்ஸ்ஃபர் என்பது ‘அப்பால் கொண்டுசெல்’, டிரான்ஸ்லேட் என்பது ‘அப்பால் கொண்டுசெல்லப்பட்ட’ என்பதிலிருந்து வந்தது. ரெஃபர், ரிலேட் இரண்டும் ‘திரும்பக் கொண்டுவருதல்’ என்ற ஒரே வினையின் பிள்ளைகள்; நடந்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொல்வதால்தான் ரிலேட் என்பதற்கு ‘எடுத்துரைத்தல்’ என்ற பொருளும் இருக்கிறது. கன்ஃபர், கொலேட் இன்னோர் இணை.

‘ஃபெர்’ எப்படி ‘லாத்’ ஆயிற்று என்று கேட்டால், ஆகவே இல்லை என்பதுதான் விடை. இரண்டு வேறு வேர்கள் ஒரே வினையின் வெவ்வேறு காலங்களுக்குப் பங்கு போட்டுக்கொண்டன. ஆங்கிலத்தில் ‘கோ’ என்பதன் இறந்தகாலம் ‘வென்ட்’ என்று வருகிறதே, அதுவும் இத்தகையதுதான். ‘வென்ட்’ முற்காலத்தில் ‘வெண்ட்’ என்னும் வேறொரு வினைக்கு உரியதாக இருந்தது. இலத்தீனில் துலி, லாத்தும் இரண்டும் தமக்குள் ஒரே வேரைச் சேர்ந்தவை. தாங்குதல் என்ற பொருளுள்ள அந்த வேரிலிருந்துதான் ஆங்கிலத்தின் டாலரேட் வந்தது. சஃபர் என்பதற்கும் ‘கீழிருந்து சுமத்தல்’ என்பதே நேர்ப்பொருள். தமிழில் பொறை என்ற ஒரே சொல் சுமையையும் பொறுமையையும் குறிப்பதை நினைத்துப் பாருங்கள். சுமப்பதிலிருந்து பொறுத்துக்கொள்வதற்குப் போவது எந்த மொழிக்கும் எளிய வழி.

முன்னொட்டும் உருமாறும் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃபர் என்பதில் இருப்பது ‘ஓப்’, சஃபர் என்பதில் இருப்பது ‘சுப்’, டிஃபர் என்பதில் இருப்பது ‘டிஸ்’. மரம், கிளை இரண்டும் சேர்ந்து மரக்கிளை ஆகும்போது மகரம் கெட்டுக் ககரம் மிகுவதைப் போல, இவற்றிலும் முன்னொட்டின் இறுதி மெய் மறைந்து அடுத்த ஒலி இரட்டிக்கிறது. புணர்ச்சி படித்த நமக்கு இது புதிதல்ல. ஓர் ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் இரட்டை மெய்யெழுத்தைக் கண்டால், அங்கே ஒரு முன்னொட்டு ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் எனக்கு நிறையக் கைகொடுத்திருக்கிறது.

கேள்விக்குச் சற்று வெளியே சென்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த ஃபெர்ரே என்ற வினைக்கு இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் உடன்பிறப்புகள் உண்டு. ஆங்கிலத்தின் சொந்தச் சொல்லான ‘பேர்’, அதாவது சுமத்தல், அவற்றுள் ஒன்று. வடமொழியின் ‘ப்ருʼ’ என்னும் வினையடி இன்னொன்று. அதிலிருந்து வந்து தமிழில் கலந்துவிட்ட பாரம் என்ற சொல்லை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். கிரேக்கத்தில் இது ஃபெரெயின் என்று நிற்கிறது. மெட்டஃபர் என்ற சொல்லின் பின்பகுதி அதுவே. அதன் நேர்ப்பொருளும் ‘அப்பால் கொண்டுசெல்லல்’தான். ஆக டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட், மெட்டஃபர் மூன்றும் ஒரே செயலை மூன்று வழியாகச் சொல்கின்றன. இடம் மாற்றுவதும், மொழி மாற்றுவதும், ஒரு பொருளின் பெயரை இன்னொன்றின்மேல் ஏற்றுவதும் ஆங்கிலத்துக்குள் தனித்தனிச் சொற்களாக வந்து சேர்ந்துவிட்டன.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

முதல் ஐயத்தின் இரண்டாம் பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். கேப்டிவ் முதல் பார்ட்டிசிபேட் வரையுள்ள மாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் நூற்றுக்கணக்கான சொற்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும் என்பதால், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மிகப் பழைய இலத்தீனில் சொல்லின் முதல் அசைக்கே அழுத்தம் விழுந்தது. வினைக்கு முன்னால் ஒட்டு ஒன்று சேர்ந்தவுடன் அழுத்தம் அந்த ஒட்டின்மேல் போய்விடும்; வினையின் சொந்த உயிரெழுத்து அழுத்தம் இழந்து நலியும். அந்த நலிவு ஏனோதானோவென்று நடக்கவில்லை. அகரம், உயிரில் முடியும் அசையில் இருந்தால் இகரமாகவும், மெய்யில் முடியும் அசையில் இருந்தால் எகரமாகவும் திரிந்தது. ‘எடு, பிடி’ என்று பொருள்படும் கப்பியோ என்ற வினை, ‘ரெ’ என்ற ஒட்டுச் சேர்ந்ததும் ரெகிப்பியோ ஆயிற்று. அதன் எச்சமான கப்துஸ், ரெகெப்துஸ் ஆயிற்று. ‘செய்’ என்று பொருள்படும் ஃபக்கியோவும் அப்படியே எஃபிக்கியோ, எஃபெக்துஸ் என்று திரிந்தது.

இப்போது ஆங்கிலச் சொற்களை இந்த மூன்று பெட்டிகளில் போட்டுப் பாருங்கள். ஒட்டு இல்லாத இடத்தில் அகரம் நிலைக்கிறது: ஃபேக்ட், ஃபேக்டரி, கேப்டிவ், கேப்ச்சர். எச்ச வடிவில் எகரம் வருகிறது: எஃபெக்ட், டிஃபெக்ட், பெர்ஃபெக்ட், அக்செப்ட், கான்செப்ட். நிகழ்கால அடியில் இகரம் வருகிறது: எஃபிஷியன்ட், டெஃபிசிட், சாக்ரிஃபைஸ், ரெசிப்பியன்ட், பார்ட்டிசிபேட், ஆன்ட்டிசிபேட். வினைக்கு மட்டும் உரிய ஒழுங்கும் அன்று இது. ஆண்டு என்று பொருள்படும் அன்னுஸ், ஆன்யுவல் என்பதில் அகரத்தோடும், பையென்னியல், பெரென்னியல், சென்ட்டென்னியல் ஆகியவற்றில் எகரத்தோடும் நிற்கிறது. எகரமே மூல உயிராக இருந்தால் அதுவும் இகரமாகும்: உட்காருதல் என்னும் வேர், செடென்ட்டரி என்பதில் எகரத்துடனும், பிரசிடென்ட், ரெசிடென்ட் ஆகியவற்றின் இலத்தீன் வடிவங்களில் இகரத்துடனும் இருக்கிறது. பிரசிடென்ட் என்பவர் ‘முன்னால் அமர்ந்திருப்பவர்’.

கேப்டிவ் என்பதில் ககர ஒலியும் அக்செப்ட் என்பதில் சகர ஒலியும் கேட்பதற்கு இலத்தீன் காரணமில்லை. செவ்வியல் இலத்தீனில் ‘சி’ என்னும் எழுத்து எங்கும் ககரமாகவே ஒலித்தது. பிற்காலத்தில் இகர எகரங்களுக்கு முன்னால் அது மென்மையாகிவிட்டது. எனவே எழுத்தைப் பாருங்கள், ஒலியை நம்பாதீர்கள்.

இந்த ஒழுங்கே ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. விழுதல் என்று பொருள்படும் ‘கதெரே’, வெட்டுதல் என்று பொருள்படும் ‘கைதெரே’ ஆகிய இரண்டும் முற்றிலும் வேறான வினைகள். ஆனால் ஒட்டுச் சேர்ந்தவுடன் இரண்டின் உயிரும் இகரமாகிவிடுவதால், ஆங்கில எழுத்தில் இரண்டும் ‘சிட்’ என்றே வந்து நிற்கின்றன. ஆக்சிடென்ட், இன்சிடென்ட் ஆகியவை விழுவதிலிருந்து வந்தவை. வந்து விழுந்த நிகழ்வு என்பது கருத்து. ஹோமிசைட், டிசைட் ஆகியவை வெட்டுவதிலிருந்து வந்தவை. முடிவெடுத்தல் எப்படி வெட்டுதல் ஆகும் என்று வியக்க வேண்டாம். அறுத்தல் என்பதன் வேரிலிருந்து அறுதியிடுதல் என்று நாமும்தான் சொல்கிறோம்.

உங்கள் பெடகாக் இதைவிடத் தொலைவில் உள்ள பொறி. பெடல், பெடஸ்ட்ரியன், இம்பீட் ஆகியவற்றில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் வேர். பெடகாக், பீடியாட்ரிக் ஆகியவற்றில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். பண்டைக் கிரேக்கத்தில் சிறுவர்களைப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற அடிமையையே அச்சொல் முதலில் குறித்தது. ஆக நடந்து செல்வது பற்றிய உங்கள் ஊகத்தில் ஒரு நடை இருக்கத்தான் செய்தது, வேர்தான் வேறு.

மறுமொழி: வகுப்பறை

முன்னிருவரும் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆயினும் இரண்டாவது ஐயத்துக்கு, பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், சற்றுக் கண்டிப்பாகவே விடை சொல்ல விரும்புகிறேன். வேரை வைத்துப் பொருளை முன்கூட்டி ஊகிக்காதீர்கள். பொருளை வாக்கியத்திலிருந்தும் அகராதியிலிருந்தும் தெரிந்துகொண்ட பிறகு, அந்தப் பொருள் எப்படி அங்கே வந்தது என்று பார்ப்பதற்கு வேரைப் பயன்படுத்துங்கள். அப்போது சொல் மறக்காது.

என் மாணவர் ஒருவர் ரிசீவ் என்பதை ‘ரெ, திரும்ப, கப்பியோ, எடு’ என்று பிரித்துப் படித்துவிட்டு, தொலைந்த பேனாவைத் திரும்ப எடுத்தேன் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டிருந்தார். பிரித்தது சரி, பயன்படுத்தியது தவறு. அவர் தேடிய சொல் ரிகவர். அதுவும் இதே வேரின் கிளைதான் என்று அவருக்குக் காட்டியபோது, இரண்டு சொற்களும் அவர் மனத்தில் ஒன்றாகவே பதிந்துவிட்டன.

உங்கள் குறிப்பேட்டில் ‘கப்: எடுத்தல்’ என்று ஒற்றைப் பொருளைப் போட்டு வைத்தால், கருத்துக்கும் சமையற்குறிப்புக்கும் என்ன தொடர்பு என்று திகைக்கத்தான் நேரும். அதற்குப் பதிலாகத் தமிழின் ‘கொள்’ என்ற வினையை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கெப்பாசிட்டி என்பது கொள்ளளவு. ரிசெப்டக்கிள் என்பது கொள்கலன். அக்செப்ட் என்பது ஏற்றுக்கொள்ளல். பர்சீவ் என்பது உணர்ந்துகொள்ளல். கன்சீவ் என்ற சொல் கருக்கொள்வதையும் மனத்தில் ஒன்றைக் கருதிக்கொள்வதையும் சேர்த்துச் சொல்கிறது. அதன் வழியே வந்த கான்செப்ட் என்பதற்கு நாம் கருத்து என்கிறோம், அதிலும் கரு இருக்கிறது. பார்ட்டிசிபேட் என்பது பங்கு கொள்ளல். பிரின்சிபிள் என்பது ‘முதலாவதாகக் கொண்டது’ என்ற இலத்தீன் கூட்டுச்சொல்லின் வழி வந்தது. அதைத் தமிழில் கொள்கை என்றே சொல்கிறோம். ரெசிப்பி என்பது இலத்தீனில் ‘எடுத்துக்கொள்’ என்னும் ஏவல்வினை. மருத்துவர்கள் மருந்துச் சீட்டை அந்தச் சொல்லோடு தொடங்கினார்கள். பிறகு அது சீட்டுக்கே பெயராகி, அடுப்படிக்கும் வந்து சேர்ந்தது.

கொள் என்பதும் கப்பியோ என்பதும் உறவுச் சொற்கள் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு மொழிக்குடும்பங்கள், அவற்றுக்கிடையே உறவு கற்பிப்பது பிழை. கையால் பற்றுவதைச் சொல்லப் பிறந்த வினை, கொள்ளுதல், புரிந்துகொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல் என்று மனத்தின் செயல்களுக்குப் பரவும் வழி இரு மொழிகளிலும் ஒன்றாக இருக்கிறது என்பதே நான் காட்ட விரும்புவது. தமிழில் அந்த வழி நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதால், அதைத் துணையாகக் கொள்வது எளிது.

ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ என்ற வினை, ஒலியில் ஒத்திருக்கும் இலத்தீனின் ‘ஹபேரே’ என்பதன் உறவு என்றே பலர் எண்ணுகிறார்கள். இரண்டுக்கும் பொருளும் ஒன்றுதான். ஆனால் உறவு இல்லை. ஜெர்மானிய மொழிகளில் பழைய ககரம் ஹகரமாக மாறிற்று என்ற ஒலிமாற்ற விதிப்படி, ‘ஹேவ்’ என்பதற்கு இலத்தீனில் உள்ள உண்மையான உடன்பிறப்பு கப்பியோதான். பார்வைக்கு ஒத்திருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

ரிசீவ் என்பதில் உள்ள ‘சீவ்’ மேலே சொன்ன மூன்று பெட்டிகளில் எதிலும் அடங்காது. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வழியாக ஏராளமான சொற்கள் உள்ளே வந்தன. மக்கள் வாயில் பல நூற்றாண்டுகள் தேய்ந்து வந்தவை அவை. பின்னர் அறிஞர்கள் ஏட்டு இலத்தீனிலிருந்து நேரடியாகச் சொற்களை எடுத்தார்கள். அவை தேயாமல் முழுமையாக இருக்கின்றன. இதனால் ஒரே இலத்தீன் சொல் ஆங்கிலத்துக்குள் இருமுறை வந்ததும் உண்டு. ஃப்ரெயில், ஃப்ராஜைல் இரண்டும் ஒரே சொல். பாய்சன், போஷன் இரண்டும் ஒரே சொல். முதலில் இரண்டுக்கும் பருகுவது என்றே பொருள். ட்ரீசன், ட்ரெடிஷன் என்ற இணையைச் சொன்னால் மாணவர்கள் நம்ப மறுப்பார்கள்: கையளித்தல் என்னும் ஒரே சொல், மரபைக் கையளிப்பதற்கு ஒரு வடிவமாகவும் தன்னவரைப் பகைவரிடம் கையளிப்பதற்கு இன்னொரு வடிவமாகவும் ஆயிற்று.

சொல்தேடி:

மூவருக்கும் நன்றி. குறிப்பேட்டில் கப்பியோவுக்கு உரிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, ‘கொள்’ என்று தலைப்பிட்டுப் புதிதாக எழுதினேன்; கேப்டன் என்ற சொல்லையும் அங்கே சேர்த்திருக்கிறேன். ஃபெர்ரே பக்கத்தையும் இரண்டு பத்தியாக்கி, ‘லாத்’ என்ற பத்தியில் டிரான்ஸ்லேட், ரிலேட் ஆகியவற்றோடு டைலேட், லேட்டரல், லாட்டிடியூட் மூன்றையும் எழுதியிருக்கிறேன். இவை சரியா? ரிசீட் என்பதில் ‘பி’ என்ற எழுத்து ஒலிக்காமல் ஏன் கிடக்கிறது? நாம் சொல்லும் ரசீது அந்த ரிசீட்டின் திரிபுதானே?

மறுமொழி: மொழிநூல் மாணவர்

‘லாத்’ பத்தியில் சேர்த்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். அகலமான என்று பொருள்படும் லாத்துஸ் என்ற பெயரடை தனி. லாட்டிடியூட், டைலேட் அதைச் சேர்ந்தவை. பக்கம் என்று பொருள்படும் லத்துஸ் என்ற பெயர்ச்சொல் தனி. லேட்டரல், கொலாட்டரல் அதைச் சேர்ந்தவை. இலத்தீன் ஏட்டில் ‘சுமக்கப்பட்ட’, ‘அகலமான’ இரண்டும் ஒரே எழுத்திலும் ஒரே ஒலியிலும் இருப்பதால் நீங்கள் மயங்கியதில் வியப்பில்லை. ஆங்கில அகராதியில் டைலேட் என்பதற்குச் சற்றுக் கீழேயே டிலட்டோரி என்ற சொல் இருக்கும். காலம் தாழ்த்துகிற என்று பொருள்படும் அது மட்டும் டிஃபர் என்பதன் ‘லாத்’ வடிவத்தில் பிறந்தது. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேப்டனும் அங்கே இருக்கக் கூடாது. தலை என்று பொருள்படும் கபுத் என்ற சொல்லிலிருந்து வந்தது அது. கேப்பிட்டல், சாப்டர், சீஃப் ஆகியவை அதன் சுற்றம். கேப்டன் தலைவன், கேப்டிவ் கொள்ளப்பட்டவன். எழுத்து நெருங்கியிருக்கிறதே தவிர உறவு கிடையாது.

ரிசீட்டின் ‘பி’ பிற்காலத்தில் செருகப்பட்டது. பிரெஞ்சு வழியாக அச்சொல் வந்தபோது அதில் அந்த எழுத்து இல்லை. இலத்தீன் மூலத்தில் ‘பி’ இருந்ததை நினைவூட்ட விரும்பியவர்கள் எழுத்தில் மட்டும் அதைத் திரும்பச் சேர்த்தார்கள். நாக்கு அதை ஏற்கவில்லை. கடனைக் குறிக்கும் டெட் (debt) என்னும் சொல்லில் ஒலிக்காத ‘பி’ (b) புகுந்ததும், டெபிட் என்பதன் இலத்தீன் மூலத்தைப் பார்த்துத்தான். அதே குடும்பத்து டிசீட், கன்சீட் இரண்டுக்கும் அந்தத் திருத்தம் நிலைக்காததால் அவை ‘பி’ இல்லாமலே எழுதப்படுகின்றன.

ரசீது ஆங்கிலத்திலிருந்து வரவில்லை. பாரசீகத்தில் ரசீத் என்றால் ‘வந்து சேர்ந்தது’. பொருளோ பணமோ வந்து சேர்ந்ததற்கான சீட்டுக்கு அதுவே பெயராகி, அங்கிருந்து நம்மிடம் வந்தது. ரிசீட்டின் பக்கத்தில் அதை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.